பழுது பார்க்கும் நூல் பிறந்த கதை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுத் தம்பி தம் காரின் போனட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அதன் முன்னே நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ஸ்பேனர் இருந்தது. மறு கையில் கைத்தொலைபேசி இருந்தது. நெடுநேரம் அவர் தொலைபேசியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கக் கண்டு, "என்ன தம்பி, வண்டி ஒரு பக்கம் கிடக்க, படம் பார்க்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா, படிக்கிறேன். இந்த வண்டியைப் பழுது பார்க்கும் நூல் முழுவதும் இதற்குள் இருக்கிறது. ஓராண்டுக்குச் சந்தா கட்டியிருக்கிறேன்" என்றார்.

"ஆண்டு முடிந்த பிறகு?"

"முடிந்தால் கதவை மூடிவிடுவார்கள் மாமா. மறுபடியும் கட்ட வேண்டியதுதான்."

இந்தப் பதில் என் மனத்தில் தங்கிவிட்டது. எங்கள் காலத்தில் பழுது பார்க்கும் நூல் என்பது கடையில் விலை கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் பொருள். வண்டியை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது வழக்கம். இப்போதோ அது வீட்டு வாடகை போல, தண்ணீர்க் கட்டணம் போல ஆகிவிட்டிருக்கிறது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? வண்டியை வைத்திருப்பவனுக்கும் வண்டியைப் பற்றிய அறிவுக்கும் இடையே இருந்த உறவு எவ்வாறெல்லாம் மாறி வந்திருக்கிறது? இன்றைய பேச்சில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886ஆம் ஆண்டில். அதன் பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கார் என்பது செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. அவர்களுக்குப் பழுது பார்க்கும் நூல் தேவைப்படவில்லை. ஏனெனில் வண்டியோடு ஓர் ஆளையும் சம்பளத்திற்கு வைத்துக்கொண்டார்கள். அவரைத்தான் 'ஷோபர்' என்றார்கள். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குக் கொதிகலனுக்கு நெருப்பு மூட்டுபவர் என்பது பொருள். ஓட்டுவதும் அவர்தான்; வழியில் நின்றுவிட்டால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுப்பதும் அவர்தான்.

இந்த நிலையை மாற்றியவர் அமெரிக்கரான ஹென்றி போர்ட். அவருடைய 'மாடல் டி' கார் 1908இல் வெளிவந்தது. 850 டாலரில் தொடங்கிய அதன் விலை, 1920களில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927இல் உற்பத்தி நிற்கும்வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளியேறின. அவற்றை வாங்கியவர்களில் பலர் குடியானவர்கள். பட்டறை இல்லாத ஊர்களில் வாழ்ந்தவர்கள். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் வாரை மாட்டி, மரம் அறுக்கவும் தண்ணீர் இறைக்கவும் அந்தக் காரைப் பயன்படுத்தியவர்கள் அவர்கள். அத்தகைய மனிதரிடம் வண்டியை விற்றால், அதைப் பராமரிக்கும் அறிவையும் சேர்த்தே விற்கவேண்டும் அல்லவா?

ஆகவே போர்ட் நிறுவனம் வண்டியோடு ஒரு சிறு கைநூலையும் கொடுத்தது. அதன் அமைப்பு இன்று பார்த்தாலும் இனிமையாக இருக்கிறது. முழுவதும் கேள்வியும் பதிலுமாக எழுதப்பட்ட நூல் அது. வண்டியைக் கிளப்புமுன் என்ன செய்யவேண்டும், இயந்திரம் ஏன் சூடேறுகிறது, வால்வை எப்படிச் சீர் செய்வது என்று உரிமையாளர் கேட்பது போலவும், தெரிந்தவர் ஒருவர் அருகில் உட்கார்ந்து விடை சொல்வது போலவும் அமைந்திருந்தது. மாடல் டி காரில் பெட்ரோல் அளவு காட்டும் கருவி கிடையாது. முன் இருக்கையைத் தூக்கி, அடியில் இருக்கும் தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுத்தான் அளக்கவேண்டும். வண்டியே இப்படி எளிமையாக இருந்ததால் நூலும் எளிமையாக இருக்க முடிந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. பழைய காலத்து நூல்களைப் புகழ்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

நம் வட்டாரத்திற்கும் போர்ட் நிறுவனம் சீக்கிரமே வந்து சேர்ந்தது. 1926இல் சிங்கப்பூரில் மலாயா போர்ட் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் புக்கிட் தீமா தொழிற்சாலை 1941இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டதும் அதே தொழிற்சாலையில்தான் என்பது நேயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும்.

போருக்குப் பின் நம் சாலைகளில் மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற ஆங்கிலேய வண்டிகள் பெருகின. அவற்றிற்கும் நூல்கள் இருந்தன. ஆனால் அவை வேறு வகையானவை. உரிமையாளருக்குக் கொடுத்த கைநூலில் எண்ணெய் ஊற்றுவது, சக்கரம் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளே இருக்கும். உள்ளே கைவைக்கும் வேலைகள் எல்லாம் 'ஒர்க்‌ஷாப் மேனுவல்' என்ற தடித்த நூலில் இருக்கும். அதை நிறுவனத்தின் முகவர் பட்டறைகளுக்காக எழுதினார்கள். அதைப் படித்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் '18ஜி' என்று தொடங்கும் எண் ஒன்று குறுக்கிடும். அந்த எண் கொண்ட சிறப்புக் கருவியைப் பயன்படுத்துமாறு நூல் கூறும். அந்தக் கருவி முகவரிடம்தான் இருக்கும். நம்மைப் போன்றவர் நூலை அங்கேயே மூடிவைக்க வேண்டியதுதான்!

ஆனாலும் அந்தத் தடித்த நூலில் விலைமதிப்பற்ற ஒன்று இருந்தது. அதுதான் அளவுகள். மோரிஸ் மைனரின் வால்வு இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 12 பங்கு. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 25 பங்கு. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1, 3, 4, 2. இவற்றைத் தலையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்லத்தான் வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. யாரோ வெள்ளைக்காரத் துரை விட்டுச் சென்ற மேனுவல் ஒன்று எண்ணெய்க் கறையோடு அவரிடம் இருந்தது. ஆறாம் வகுப்பு முடித்திருந்த என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த நம்பரைப் படி" என்பார். நான் படிப்பேன். அவர் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதிக்கொள்வார். மற்றபடி அவர் பார்த்தது படங்களை மட்டுந்தான். ஒரு பெட்டியைப் பிரித்து, அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் வரிசையாகக் காற்றில் மிதப்பது போல வரையப்பட்ட படங்கள் அவை. எந்த வளையம் எந்த ஆணிக்கு முன்னால் வரும் என்பதை எந்த மொழியும் இல்லாமல் அவை சொல்லிவிடும். மொழி தெரியாதவரும் படிக்கக்கூடிய பக்கங்கள் அந்த நூலில் இருந்தன என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

இந்தப் படங்களின் அருமையை நன்கு உணர்ந்தவர் ஜான் ஹேன்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் பிறந்த இடம் எது தெரியுமா? இலங்கை. 1938ஆம் ஆண்டில், தந்தையார் மேற்பார்த்து வந்த தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் இயங்கிய காலம் அது. 12 வயதில் இங்கிலாந்தில் படிக்க அனுப்பப்பட்ட அந்தப் பையனுக்குப் பள்ளி விளையாட்டில் நாட்டமில்லை. ரக்பி ஆடவேண்டிய நேரத்தில் ஒரு பழைய 'ஆஸ்டின் செவன்' காரைப் பிரித்து மேய அனுமதி பெற்றுக்கொண்டான். பிறகு அந்த வண்டியைப் பந்தயக் கார் போல மாற்றிக் கட்டி விற்றான். அதைப்பற்றி விசாரித்தவர்கள் பலர். எனவே செய்த முறையை எழுதி, 1956இல், பள்ளி மாணவனாக இருக்கும்போதே, ஒரு சிறு நூலாக வெளியிட்டான். 250 படிகளும் 10 நாட்களில் விற்றுப்போயின.

பின்னர் அவர் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, 1960களின் நடுவில் ஏடன் துறைமுக நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே உடன் பணிபுரிந்த ஒருவர், தேய்ந்துபோன 'ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்' கார் ஒன்றை வாங்கிவிட்டுத் தவித்தார். இருவரும் சேர்ந்து அதைப் புதுப்பிக்க முயன்றபோது, நிறுவனத்தின் மேனுவல் சாதாரண உரிமையாளருக்குப் பயன்படாது என்பது ஹேன்ஸுக்குப் புலப்பட்டது. அவர் ஒரு புகைப்படக் கருவியை வாங்கினார். ஒவ்வோர் ஆணியாகக் கழற்றும்போதும் படமெடுத்தார். மீண்டும் பூட்டும்போதும் படமெடுத்தார். கோட்டுப் படங்களோடு இந்தப் புகைப்படங்களையும் இணைத்து, 1966இல் முதல் 'ஹேன்ஸ்' மேனுவல் வெளிவந்தது. 3,000 படிகள் மூன்று மாதங்களுக்குள் தீர்ந்தன.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. முந்தைய மேனுவல்கள் வண்டியை வடிவமைத்தவர்கள் தம் முகவருக்குச் சொன்னவை. ஹேன்ஸ் நூலோ வண்டியை வாங்கியவன் இன்னொரு வாங்கியவனுக்குச் சொன்னது. எழுதுபவர்கள் உண்மையான ஒரு வண்டியை வாங்கி, சாதாரணக் கருவிகளைக் கொண்டே அதைப் பிரித்து, மறுபடியும் கட்டிப் பார்த்துத்தான் எழுதினார்கள். சிறப்புக் கருவி வேண்டிய இடத்தில், அது இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்றும் கூறினார்கள். வேலை எவ்வளவு கடினம் என்பதை ஒன்று முதல் ஐந்து வரை ஸ்பேனர் படம் போட்டுக் காட்டும் வழக்கமும் பின்னர் வந்தது. ஐந்து ஸ்பேனர் என்றால், பேசாமல் மெக்கானிக்கிடம் கொண்டு போ என்று பொருள்! குறையும் உண்டு. கழற்றுவதற்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டு, பூட்டுவதற்குப் பின்னோக்கிச் செய்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். துருப்பிடித்த ஆணியோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு வரிக்குள் எத்தனை பாடு அடங்கியிருக்கிறது என்று. இருந்தாலும் 20 கோடிப் படிகளுக்கு மேல் அந்நிறுவனத்தின் நூல்கள் விற்றன. அமெரிக்காவில் நெடுங்காலமாக இதே துறையில் பெயர் பெற்றிருந்த 'சில்டன்' நூல் வரிசையும் 2001இல் ஹேன்ஸ் கைக்கு வந்தது.

நூல் இல்லாமல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்த அனுபவமே சான்று. ஒரு காலத்தில் பழைய டட்சன் 120ஒய் கார் ஒன்று வைத்திருந்தேன். புதிய ஸ்பார்க் பிளக்குகளை வாங்கி நானே மாட்டினேன். இறுக்கம் போதாது என்று நினைத்து, பலம் கொண்டமட்டும் ஸ்பேனரைத் திருகினேன். அந்த இயந்திரத்தின் சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் மென்மையான உலோகம். நாலாவது பிளக்கை இறுக்கும்போது, திடீரென்று ஸ்பேனர் தாராளமாகச் சுற்றியது. மரை முழுவதும் உதிர்ந்துவிட்டது! தலையைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, புது மரை வளையம் வைக்கவேண்டியதாயிற்று. இரண்டு வாரம் பேருந்தில் வேலைக்குப் போனேன். அதற்கான முறுக்கு அளவு நூலில் ஒரே வரியில் இருந்தது என்பதைப் பிறகுதான் பார்த்தேன். நூலின் விலை, நான் பட்டறைக்குக் கொடுத்த பணத்தில் பத்தில் ஒரு பங்கும் இராது.

இனி, காலம் மாறிய கதைக்கு வருவோம். 1967இல் அமெரிக்கச் சந்தைக்கென வோல்க்ஸ்வாகன் நிறுவனம், மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. கார்புரேட்டர் மெல்ல மெல்ல மறையத் தொடங்கியது. காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வர வர, வண்டிக்குள் கணினி இன்றியமையாததாயிற்று. கலிபோர்னியா மாநிலம், 1988 முதல் வரும் புதிய வண்டிகள் தம் கோளாறைத் தாமே கண்டறிந்து கூறவேண்டும் என்று விதித்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் எல்லாவற்றிலும் ஒரே வடிவான, 16 முனைகள் கொண்ட இணைப்பான் கட்டாயமாக்கப்பட்டது. அதில் ஒரு கருவியைச் செருகினால், கோளாறு ஒரு குறியீடாகத் தெரியும்.

வண்டியே வாய் திறந்து பேசத் தொடங்கிவிட்டதால் இனி நூல் எதற்கு என்று சிலர் நினைத்தார்கள். நடந்தது வேறு. வண்டி பேசிய மொழி சிலருக்கு மட்டுமே புரிந்தது. குறியீட்டின் முழுப் பொருள், கம்பிகள் செல்லும் வழி, கணினிக்குப் புதிய பாகத்தை அறிமுகம் செய்யும் முறை ஆகியவை நிறுவனத்தின் கையிலும் முகவர்களின் கையிலும் இருந்தன. பட்டறை வைத்திருந்த சிறு தொழிலாளர்களின் பிழைப்பே ஆட்டம் கண்டது. 1990இல் அமெரிக்கக் காற்றுத் தூய்மைச் சட்டம் திருத்தப்பட்டபோது, புகை வெளியேற்றம் சார்ந்த பழுது விவரங்களைப் பழுது பார்ப்போர் அனைவருக்கும் கொடுக்கவேண்டும் என்று விதி சேர்க்கப்பட்டது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. கார் நிறுவனங்கள் பழுது பார்க்கும் விவரங்களை இணையத்தளத்தில் வைக்கவேண்டும். நியாயமான கட்டணம் பெறலாம். ஒரு நாளுக்கும், ஒரு மாதத்துக்கும், ஓராண்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் இருக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. நம் பக்கத்து வீட்டுத் தம்பி கட்டிய சந்தாவின் வேர்களுள் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இது மக்கள் வாக்கெடுப்புக்கே வந்தது. 2012இல் வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர், முகவருக்குக் கிடைக்கும் விவரம் வண்டி உரிமையாளருக்கும் தனிப் பட்டறைக்கும் கிடைக்கவேண்டும் என்றனர். இதன் விளைவாக, 2014இல் கார் நிறுவனங்கள் அந்நாடு முழுவதற்கும் பொருந்தும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஆனால் அதற்குள் வண்டிகள் கம்பியில்லாமலே நிறுவனத்தோடு செய்தி பரிமாறத் தொடங்கிவிட்டன. 2020இல் மறுபடியும் வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பங்கினர் அந்தச் செய்திகளும் தமக்கு வேண்டும் என்றனர். நிறுவனங்கள் நீதிமன்றம் சென்று, வழக்குப் பல ஆண்டுகள் நீண்டது. ஆஸ்திரேலியாவிலும் 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து இத்தகைய சட்டம் நடப்பில் உள்ளது.

இதற்கிடையே வணிகர்களும் சும்மா இருக்கவில்லை. 1986இல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'ஆல்டேட்டா' என்னும் நிறுவனம், பல நிறுவனங்களின் மேனுவல்களைத் திரட்டிக் கணினித் தட்டில் பதிந்து பட்டறைகளுக்கு விற்றது. ஓர் அறை நிறைய அடுக்கவேண்டிய நூல்கள் சில தட்டுகளில் அடங்கின. இணையம் வந்ததும் தட்டும் போய்ச் சந்தா வந்தது. பிறகு, ஒரே ஒரு காரை வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கும் அந்தக் காருக்கு மட்டும் சந்தா கட்டும் வழி திறந்தது. அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் சில்டன் தொகுப்புக்குத் தாமே சந்தா கட்டி, உறுப்பினர்கள் இலவசமாகப் பார்க்கச் செய்கின்றன. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. நம் நூலகங்களும் எண்ணிப் பார்க்கலாம்.

சந்தாவில் நன்மை இல்லாமலில்லை. அச்சு நூலில் பிழை இருந்தால் அடுத்த பதிப்புவரை அந்தப் பிழை வாழும். இணையத்தில் உடனே திருத்திவிடலாம். வண்டி விற்பனையான பிறகு நிறுவனம் பட்டறைகளுக்கு அனுப்பும் திருத்த அறிக்கைகளும் கிடைக்கும். நிறம் காட்டும் கம்பி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் பணம் கட்டுமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சந்தைக்காகத் தொகுத்தவற்றில் அமெரிக்காவில் விற்காத வண்டிகளைத் தேடிப் பயனில்லை. புரோட்டோன், பெரோடுவா வைத்திருப்பவர்கள் முதலில் தம் வண்டியின் பெயரும் ஆண்டும் இயந்திரமும் அங்கே இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். மேலும், எந்த நூலைப் படித்தாலும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். தாங்கிகளை வைத்த பிறகே நுழையுங்கள். ஹைபிரிட் வண்டியின் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே தொடாதீர்கள்.

தம்பியின் வண்டிக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லவில்லையே! இயந்திரம் உதறியது, மஞ்சள் விளக்கு எரிந்தது. குறியீடு 'பி 0301' என்று காட்டியது. முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது இதன் பொருள். ஏன் எரியவில்லை என்பதைக் குறியீடு சொல்லாது. பிளக்காக இருக்கலாம், அதற்கு மின்சாரம் தரும் காயிலாக இருக்கலாம், பெட்ரோல் பீய்ச்சும் குழலாகவும் இருக்கலாம். அங்கேதான் நூல் வேண்டும். முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை முதலிலும் மாற்றிப் பூட்டிப் பார்க்கும் முறை அவர் சந்தாவில் இருந்தது. மாற்றிப் பூட்டினார். ஆணியை எவ்வளவு இறுக்குவது என்ற அளவும் இருந்தது. நான் டட்சன் கதையைச் சொன்னேன். அளவு பார்த்தே இறுக்கினார். வண்டியைக் கிளப்பினோம். இப்போது குறியீடு 'பி 0302' என்று மாறியது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது! ஆகவே குற்றவாளி காயில்தான். மறுநாள் புதிதாக ஒன்று வாங்கி மாட்டியதும் உதறல் நின்றது.

2020இல் ஹேன்ஸ் நிறுவனம், புதிதாக வரும் வண்டிகளுக்கு இனி அச்சு நூல் வெளியிடப் போவதில்லை என்று அறிவித்தது. பழைய வண்டிகளின் நூல்கள் தொடர்ந்து அச்சாகும். புதியவை இணையத்தில் மட்டுமே என்றது. நிறுவனரான ஜான் ஹேன்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவர் சற்று யோசித்தார். மறுவாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பிளக், காயில், பிரேக், எண்ணெய் மாற்றும் அளவு, பியூஸ் வரிசை என்று தமக்கு வேண்டிய 14 பக்கங்களைத் தாளில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, காரின் முன் அறையில் வைத்திருந்தார். "சந்தா முடிந்தாலும் இது இருக்கும் மாமா" என்றார். முதல் தாளின் ஓரத்தில் எண்ணெய் விரல் ஒன்று ஏற்கெனவே பதிந்திருந்தது.